ஒரே ரெப்போ, பல லைப்ரரி: டெபியனுக்குப் பேக்கேஜ் கட்டும் முறை

கிருஷ்ணகிரி பக்கத்து மாம்பழக் கூழ் ஆலைகளில் எடைமேடையை ஒட்டி ஒரு கணினி இருக்கும். பெங்களூரா லோடு குவியும் சீசனில் அது ஒரு மணி நேரம் படுத்தால் வண்டி வரிசை ரோட்டுக்கு வந்துவிடும். அந்த மாதிரிக் கணினிகளுக்காக ஒரே கிட் ரெப்போவில் (நிரலை வரலாற்றோடு வைக்கும் களஞ்சியம்) மூன்று சி லைப்ரரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சீரியல் போர்ட்டில் எடையைப் படிப்பது லிப்எடை, ரசீது அச்சடிப்பது லிப்ரசீது, இரண்டும் பயன்படுத்தும் பொதுச் சரக்கு லிப்அடி. இவற்றை டெபியன் 13 என்ற லினக்ஸுக்கு, நிறுவக்கூடிய பேக்கேஜ்களாகக் கட்ட வேண்டும். (கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

முதலில் பார்க்க வேண்டியது ஃபோல்டரை அல்ல, டேகை, அதாவது வெளியீட்டுக்கு ரெப்போவில் போடும் பெயர்க்குறியை. மூன்றும் ஒரே டேகில், ஒரே எண்ணில் வெளிவருகின்றன என்றால் ஒரே சோர்ஸ் பேக்கேஜ் (மூல நிரல்), அதிலிருந்து பல பைனரி பேக்கேஜ்கள் (நிறுவுபவை). 'எடை-வி1.4.0', 'ரசீது-வி2.1.0' என்று தனித்தனி டேக் போடுகிறார்கள் என்றால் சோர்ஸும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும். வேலை குறைவு என்று எல்லாவற்றையும் ஒரே சோர்ஸில் அடைப்பவர்கள் அதிகம். அப்படிச் செய்தால் மூன்றுக்கும் சேஞ்ச்லாகில் இருக்கும் ஒரே எண்தான் ஒட்டும். 3.0 என்று வெளிவந்த லிப்எடையைப் பிறகு பிரித்து 1.5 ஆக்கினால் டெபியனின் நிறுவும் கருவியான ஆப்ட் அதைப் பழையது என்று நினைத்து ஏற்றாது. இபாக் (பதிப்புக்கு முன்னால் '1:' என்று சேர்க்கும் எண்) போட்டுத்தான் மீள வேண்டும், போட்ட இபாக்கைத் திரும்ப எடுக்கவும் முடியாது. 'டிஹெச்_ஜென்கண்ட்ரோல்' வழியாக '-வி' கொடுத்து ஒவ்வொரு பைனரிக்கும் தனி எண் தரலாம். ஆனால் லிப்ரசீதில் எதுவும் மாறாதபோதும் சோர்ஸ் புதிதாகக் கட்டப்படும். அதே எண்ணில் வேறு உள்ளடக்கம் வந்தால் டெபியனின் ஆர்கைவ் திருப்பி அனுப்பிவிடும். அதனால் '2.1.0+3.0.1' என்று சோர்ஸ் எண்ணையும் வாலாகச் சேர்க்க வேண்டியிருக்கும். இந்தத் தொல்லைக்குப் பிரித்துக் கட்டுவதே மேல்.

அடுத்தது டார் ஃபைல். ரெப்போ இருக்கும் இணையத்தளம் தானாகத் தரும் டாரில் மொத்த ரெப்போவும் வரும். நாமே எடுப்பதுதான் சரி:

கிட் ஆர்கைவ் --பிரிஃபிக்ஸ்=எடை-1.4.0/ எடை-வி1.4.0 லிப்ஸ்/எடை சிமேக் லைசென்ஸ்

லிப்ஸ்/எடை ஃபோல்டரை மட்டும் எடுக்கக் கை அரிக்கும். எடுத்தால் ரெப்போவின் உச்சியில் இருக்கும் லைசென்ஸும் பொதுச் சிமேக் ஃபைல்களும் (கட்டும் விதிகள்) விடுபட்டு, '../../சிமேக்' என்று தேடும் வரி உடையும். ஃபோல்டர் அமைப்பு கலையாமல் தேவையான பாதைகளை மட்டும் எடுத்து, ரூல்ஸ் ஃபைலில் 'டிஹெச்' வரியில் '--சோர்ஸ்டைரக்டரி=லிப்ஸ்/எடை' என்று சொன்னால் போதும். புதுப் பதிப்பை எங்கே தேடுவது என்று சொல்லும் வாட்ச் ஃபைலின் பேட்டர்னில் 'எடை-வி' என்ற முன்னொட்டு கட்டாயம். விட்டால் அதைப் படிக்கும் யூஸ்கேன் ரசீதின் 2.1.0-ஐப் பார்த்து எடைக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டது என்று சொல்லும். தேர்ட்_பார்ட்டி ஃபோல்டரில் ஒட்டிவைத்த பிறர் லைப்ரரிகளை காப்பிரைட் ஃபைலில் 'ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட்' போட்டு நீக்கி, டாரை மாற்றியிருக்கிறோம் என்று காட்டப் பதிப்பில் '+டிஎஸ்' சேர்த்துவிடுங்கள்.

இனி சோநேம், அதாவது லைப்ரரி ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும் பெயர். பேக்கேஜ் பெயர் இதிலிருந்துதான் வரும்.

ஆப்ஜ்டம்ப் -பி லிப்எடை.எஸ்ஓ.1.4.0 | கிரெப் சோநேம்

'லிப்எடை.எஸ்ஓ.1' என்று வந்தால் பேக்கேஜ் 'லிப்எடை1', கூடவே, இதை வைத்து நிரல் கட்டுபவர்களுக்கு 'லிப்எடை-டெவ்'. பெயரே எண்ணில் முடிந்தால், லிப்எடை2 போல, நடுவில் ஒரு ஹைஃபன்: 'லிப்எடை2-1'. சிமேக்கில் 'சோவெர்ஷன்' இடத்தில் முழுப் பதிப்பு எண்ணையே கொடுத்திருந்தால் சோநேம் '1.4.0' ஆகிவிடும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதுப் பேக்கேஜ் பெயர், ஒவ்வொரு முறையும் டெபியனின் நியூ வரிசையில் (புதுப் பெயர்களை ஆள் பார்த்து ஏற்கும் இடம்) காத்திருப்பு. பல லைப்ரரி இருக்கும் ரெப்போக்களில் இதுதான் அடிக்கடி கண்ணில் படும் தப்பு, ஏனென்றால் ஒரே சிமேக் மேக்ரோ எல்லா லைப்ரரிக்கும் ஓடுகிறது. இதை நிரல் எழுதுபவர்களிடம் சொல்லி அங்கேயே திருத்த வேண்டும். நம் பேட்சில் தனியாக சோநேம் மாற்றினால் மற்ற டிஸ்ட்ரோக்களோடு பொருந்தாது.

எந்த ஃபைல் எந்தப் பேக்கேஜில் என்று சொல்லும் இன்ஸ்டால் ஃபைல்களில் ஒரு புள்ளி முக்கியம். 'லிப்எடை1.இன்ஸ்டால்' ஃபைலில் இருக்க வேண்டியது 'லிப்எடை.எஸ்ஓ.1*' என்ற வரி. 'லிப்எடை.எஸ்ஓ*' என்று எழுதினால் டெவலப்மென்ட் லிங்கும் உள்ளே வந்துவிடும். இன்றைக்கு ஒன்றும் ஆகாது, பேக்கேஜில் தப்பு தேடும் லின்டியன் மட்டும் முனகும். நாளைக்கு லிப்எடை2 வந்து பக்கத்தில் நிறுவும்போது இரண்டிலும் ஒரே ஃபைல் இருக்கிறது என்று டிபிகேஜி மறுக்கும். அந்த லிங்க், ஹெடர், பிகேஜி-கன்ஃபிக் படிக்கும் '.பிசி' ஃபைல், சிமேக் கன்ஃபிக் எல்லாம் '-டெவ்'வில் போகட்டும். பேக்கேஜ் கட்டும் கருவியான டெப்ஹெல்ப்பரின் காம்பாட் 13-இல் எந்தப் பேக்கேஜிலும் சேராத ஃபைல் ஒன்று மிச்சமிருந்தாலும் பில்ட் நின்றுவிடும். வேண்டாததை 'டெபியன்/நாட்-இன்ஸ்டால்ட்' ஃபைலில் எழுதுங்கள்.

ஓடும்நேரச் சார்புகளை டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ் தானே கண்டுபிடிக்கும். '-டெவ்' சார்புகளைக் கண்டுபிடிக்காது. லிப்எடையின் ஹெடர் லிப்அடியின் ஹெடரை இழுக்கிறது என்றால் 'லிப்எடை-டெவ்' டிபெண்ட்ஸில் 'லிப்அடி-டெவ்' என்று கையால் எழுத வேண்டும். லிப்அடிக்கு நிலையான ஏபிஐ (பிற நிரல்கள் அதை அழைக்கும் வடிவம்) இல்லை, உள்வேலைக்கு மட்டும்தான் என்றால் அதைத் தனிப் பேக்கேஜாக வெளியே விடாதீர்கள். ஸ்டேட்டிக்காக இணைத்துவிடலாம்.

லைப்ரரி வெளியே தரும் ஃபங்ஷன்களின் பட்டியலான சிம்பல்ஸ் ஃபைலை டிபிகேஜி-ஜென்சிம்பல்ஸ் உருவாக்கித் தரும். அதில் '1.4.0-1' என்று வருவதில் '-1' வாலை வெட்டிவிடுங்கள். பிறகு ஒரு ஃபங்ஷன் காணாமல் போனால் பில்ட் அங்கேயே தோற்கும். அது நல்லதுதான்: சோநேமை ஏற்றாமல் ஏபிஐயை உடைத்திருக்கிறார்கள் என்பது ஆலை வாசலில் தெரிவதைவிட நம் மேஜையில் தெரியட்டும்.

சுத்தமான தனிச் சூழலில் கட்டித்தரும் எஸ்பில்டில் கட்டுங்கள். பில்ட் நேரத்தில் இணையத்தைத் தொடக்கூடாது என்பது டெபியன் பாலிசி. சிமேக்கின் ஃபெட்ச்கன்டென்ட் வைத்து எதையாவது இறக்கும் ரெப்போ இங்கே விழும். அந்த இடத்தில் ஃபைண்ட்_பேக்கேஜ் போட்டு பேட்ச் செய்து, தேவையானதை பில்ட்-டிபெண்ட்ஸில் சேருங்கள். சத்தமில்லாமல் விழுவது இன்னொன்று உண்டு. பதிப்பு எண்ணை 'கிட் டிஸ்கிரைப்' வழியாக எடுக்கும் ரெப்போவில், டாருக்குள் கிட் வரலாறு இல்லாததால் '.பிசி' ஃபைலில் எண் காலியாகவோ 0.0.0 ஆகவோ இருக்கும். பில்ட் பச்சையாகத்தான் முடியும். கட்டிய பிறகு அந்த ஒரு வரியைத் திறந்து பாருங்கள்.

ஃபெடோராவில் இதே பிரிவினை ஸ்பெக் ஃபைலின் '%பேக்கேஜ்' வழியாக. '-டெவ்'வுக்குப் பதில் '-டெவெல்'. சி-டாக் சென்னையின் பாஸ் லினக்ஸ் டெபியன் மேல் கட்டியதுதான் என்றாலும், டெபியன் 13-இல் கட்டிய பைனரியை அதில் அப்படியே போடாமல் அந்தப் பதிப்பிலேயே மறுபடி கட்டுங்கள்.

பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மாதிரி சிக்னல் படுத்தும் ஊர்களுக்குப் பென்டிரைவில் ஒரு சின்ன ஆப்ட் ரெப்போ போதும். ரெப்போ அமைக்கும் கருவியான ரெப்ரெப்ரோ வைத்து அமைத்து, ஜிபிஜி கையொப்பம் போட்டு, சோர்ஸ் வரியில் 'ஃபைல்:' பாதை கொடுங்கள். 'டிரஸ்டட்=யெஸ்' போட்டால் கையொப்பம் இல்லாமலும் ஓடும், சோதனைக்கு மட்டும் அது.

கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. எதுவும் நிறுவாத புது விர்ச்சுவல் மெஷினில் சி கம்பைலர், பிகேஜி-கன்ஃபிக், 'லிப்எடை-டெவ்' மூன்றை மட்டும் நிறுவி, எடை ஹெடரைச் சேர்த்த ஐந்து வரி சி ஃபைலை பிகேஜி-கன்ஃபிக் தரும் ஃபிளாகுகளோடு கம்பைல் செய்யுங்கள். 'அடி.ஹெச் இல்லை' என்று வந்தால் டிபெண்ட்ஸில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.