படுகொலைச் செய்தியும் அதற்கு வரும் மறுப்பும்: எப்படிச் சரிபார்ப்பது?

ஏதோ ஒரு நாட்டில் உள்நாட்டுப் போர், ராணுவம் ஒரு ஊரையே அழித்துவிட்டது என்று செய்தி வருகிறது, அது வந்த சூட்டிலேயே "எல்லாம் கிளர்ச்சிக்காரர்கள் கட்டிவிட்ட கதை" என்று மறுப்பும் வந்துவிடுகிறது. யாரை நம்புவது? மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரின் எல் மொசோட்டே என்ற ஊரை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

1981 டிசம்பரில் அந்நாட்டு ராணுவத்தின், அமெரிக்கப் பயிற்சி பெற்ற அட்லகாட்ல் படைப்பிரிவு அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பல நூறு பேரைக் கொன்றது. 1982 ஜனவரி 27 அன்று நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்டும் செய்தி போட்டன. மறுநாளே அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு, சால்வடாரில் மனித உரிமை நிலைமை தேறிவருவதாகச் சான்று கொடுத்தது. அது இல்லாவிட்டால் சால்வடாருக்குப் போகும் அமெரிக்க ராணுவ உதவி நின்றுபோகும். ஆகவே முதலில் தேதியைப் பாருங்கள்: மறுப்பு வரும் நேரத்தில் எந்தப் பணம், எந்த ஓட்டெடுப்பு காத்திருக்கிறது?

சரி, மறுப்பவர் நேரில் போனாரா? அமெரிக்கத் தூதரகம் அனுப்பிய இருவர் ஹெலிகாப்டரில் மேலே சுற்றிவிட்டு, அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு, எல் மொசோட்டேயில் கால் வைக்காமலே திரும்பினார்கள். அதை வைத்துத்தான் "ஆதாரமில்லை" என்றார்கள். "அங்கே இருந்ததே 300 பேர், 700 பேர் எப்படிச் சாவார்கள்?" என்ற கேள்வியும் வந்தது. கெட்டிக்காரக் கேள்விதான், ஆனால் செத்தவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் இல்லை, பக்கத்துச் சிற்றூர்க்காரர்களும் உண்டு. எண்ணிக்கை எந்த எல்லைக்குள் எடுத்தது என்று எப்போதும் கேளுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. செய்தியாளர்களை அங்கே கூட்டிப்போனதே கெரில்லாக்கள்தான், அவர்களுடைய ரேடியோவும் இதை விடாமல் ஒலிபரப்பியது. பிரச்சாரம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் உயிர்தப்பிய ருஃபினா அமயா, யாரை எங்கே அடைத்தார்கள், யாரை முதலில் இழுத்துப்போனார்கள் என்று இடம் காட்டிச் சொல்லியிருந்தார். இப்படித் தோண்டிப் பார்க்கக்கூடிய சாட்சியத்துக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். 1992இல் அர்ஜென்டினா தடயவியல் குழு தோண்டியே பார்த்தது. தேவாலயத்தை ஒட்டிய ஒரு சின்னக் கட்டடத்தில் மட்டும் 143 பேரின் எலும்புகள், அதில் 131 பேர் 12 வயதுகூட ஆகாத பிள்ளைகள். கிடந்த தோட்டா உறைகளில் அமெரிக்காவின் மிசௌரியில் உள்ள லேக் சிட்டி ஆலையின் முத்திரை. சண்டையில் செத்த கெரில்லாக்கள் என்று இனி யார் சொல்ல முடியும்?

அப்புறம், ஒரே பிரச்சாரத்துக்குள் இருக்கும் கூற்றுகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். 1968இல், நைஜீரியாவிலிருந்து பிரிந்து அதோடு போரிட்டுக்கொண்டிருந்த பியாஃப்ராவுக்காக ஜெனீவாவின் மார்க்பிரஸ் என்ற விளம்பர நிறுவனம் வேலை பார்த்தது. அது பரப்பிய செய்திகளில் பட்டினிச் சாவுகள் உண்மை. இனப்படுகொலை என்ற குற்றச்சாட்டை நைஜீரியா அழைத்த பன்னாட்டுப் பார்வையாளர்கள் ஏற்கவில்லை, ஆனால் அவர்களை அழைத்தது யார் என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.

யார் காசு கொடுத்தது என்று பார்க்கவும் வழி இருக்கிறது. வெளிநாட்டு அரசுக்காக அமெரிக்காவில் ஆதரவு திரட்டும் நிறுவனங்கள் 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாட்டு நீதித்துறையிடம் பதிவு செய்யவேண்டும். ஒப்பந்தம், தொகை எல்லாம் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், நாட்டின் பெயரைப் போட்டுத் தேடலாம். 2009க்குப் பிறகு இலங்கை அரசு அமர்த்திய நிறுவனங்களின் தாள்களும் அங்கே இருக்கின்றன. லண்டனிலோ துபாயிலோ நடக்கும் வேலை மட்டும் இதில் சிக்காது.