படத் திருத்தத்துக்குக் கணினி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது திரையை

கணினிக் கடையில் பேச்சு எப்போதும் செயலியில் தொடங்கி, ரேம், கிராஃபிக்ஸ் கார்டு என்று நகர்ந்து, கடைசியில் மிஞ்சிய பணத்துக்கு ஏதோ ஒரு திரையில் முடியும். வீட்டில் ஒளிப்படம் திருத்துவதற்காகக் கணினி வாங்குகிறவர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. வேகம் குறைந்த கணினி நம்மைக் காக்க வைக்கும், அவ்வளவுதான். நிறத்தைத் தவறாகக் காட்டும் திரையோ நன்றாக இருக்கும் படத்தையே கெடுக்க வைத்துவிடும். உறவினர் ஒருவரின் வளைகாப்புப் படங்களை, சற்று நீலம் பாய்ந்த மலிவான மடிக்கணினித் திரையில் பார்த்துப் பார்த்து நான் வெதுவெதுப்பு, அதாவது மஞ்சள் சாயல், கூட்டினேன். அச்சாகி வந்த ஆல்பத்தில் அத்தனை பேரும் மஞ்சள் பூசிக் குளித்தவர்கள்போல் இருந்தார்கள்.

திரை, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். டிஎன் வகைத் திரையில் தலையைச் சற்று அசைத்தாலே நிறமும் வெளிச்சமும் மாறிவிடும். அடுத்து, எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், அதாவது திரைகளுக்கும் இணையத்துக்கும் பொதுவான நிற வரம்பில், எவ்வளவு காட்டும் என்று கேளுங்கள். 100 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும். விலை குறைந்த மடிக்கணினிகளின் விவரத்தாளில் '45 விழுக்காடு என்டிஎஸ்சி' (பழைய தொலைக்காட்சித் தரத்தின் நிற வரம்பு) என்று ஒரு வரி இருக்கும். எஸ்ஆர்ஜிபி கணக்கில் அது ஐந்தில் மூன்று பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அத்தகைய திரையில் அரக்குப் பட்டுப் புடவையின் மடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே சிவப்புத் திட்டாகத் தெரியும், அதைச் சரிசெய்ய நாம் வீணாகப் போராடுவோம். இன்னும் விரிந்த அடோபி ஆர்ஜிபி திரைக்கு விலை அதிகம். உங்கள் அச்சகம் அந்த நிறவெளியில் கோப்பு வாங்காவிட்டால் அதற்குச் செலவிட வேண்டியதில்லை. அளவைப் பொறுத்தவரை, 27 அங்குலத்தில் 2560×1440 புள்ளிகள் கொண்ட திரை கண்ணுக்கும் பணப்பைக்கும் ஒத்துவரும்.

கடைக்குப் போகும்போது நீங்களே எடுத்த, நிறம் நன்றாக நினைவிருக்கும் ஒரு முகப் படத்தையும், வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றையும் பென் டிரைவில் கொண்டுபோங்கள். சாம்பல் படத்தைத் திரை முழுக்க விரித்தால், மூலைகளில் இருள் விழுவதும் ஒரு பக்கம் இளஞ்சிவப்பு பாய்வதும் உடனே தெரிந்துவிடும். கடையில் திரைகளின் வெளிச்சம் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். வீட்டிலும் அப்படியே விட்டுவிடுவதால்தான் 'அச்சு இருட்டாக வருகிறது' என்ற புலம்பல் எழுகிறது. வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள்ளும், வெண்மையை 6500 கெல்வினுக்கும் இறக்கி வைப்பது வழக்கம். இதைக் கண்ணால் மட்டும் ஊகித்துச் சரியாக வைப்பது கடினம் என்பதால், திரையின் மேல் தொங்கவிட்டு நிறத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றை நண்பர்கள் சேர்ந்தாவது வாங்கலாம்.

ரேம் எவ்வளவு என்பதை ஒரு கணக்கே சொல்லிவிடும். 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000×4000 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்துக்கு 16 பிட், அதாவது 2 பைட். மொத்தம் 144 மெகாபைட். மேலே ஏற்றும் ஒவ்வொரு முழு லேயரும் (திருத்த அடுக்கும்) இதே அளவு இடம் கேட்கும், செய்ததைத் திரும்பப் பெறும் வசதிக்கும் தனியே இடம் வேண்டும். ஆகவே 16 ஜிபி குறைந்தபட்சம், 32 ஜிபி நிம்மதி. மெலிதான மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. அதை வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

இயங்குதளமும் கையில் இருக்கும் வேலையும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் (வேகமான சேமிப்பகத்தில்) இருக்கட்டும், முடிந்த வேலைகள் விலை குறைந்த ஹார்டு டிஸ்க்குக்குப் போகட்டும். பலர் கவனிக்காதது, கேமரா கார்டிலிருந்து படங்களைக் கணினிக்கு இறக்கும் கார்டு ரீடரை. ஒரு திருமணத்தில் படமெடுப்பவர் ஒருவருக்கு ஆயிரம் ரா கோப்புகள் (கேமரா சுருக்காமல் தரும் மூலப் படங்கள்), கோப்புக்கு 30 மெகாபைட் என்றால் 30 ஜிபி ஆகிறது. பழைய யுஎஸ்பி 2.0 வழியாக அது இறங்கக் கால் மணி நேரம் போல ஆகும், யுஎஸ்பி 3.0 ரீடரும் வேகமான கார்டும் இருந்தால் ஒரு காபி குடிப்பதற்குள் முடியும்.

செயலி அண்மைத் தலைமுறையின் நடுத்தர வகையாக இருந்தால் போதும். விளையாட்டுக்கென்று விற்கும் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு சாதாரணத் திருத்தத்தில் பெரும்பாலும் சும்மாவே இருக்கும். செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தின் இரைச்சலை (புள்ளி புள்ளியாகத் தெரியும் கரகரப்பை) நீக்கும் வேலையை அடிக்கடி செய்கிறவருக்குத்தான் 8 ஜிபி நினைவகம் உள்ள கார்டு காசுக்கு ஏற்ற பயன் தரும். அந்த வேலை இல்லாதவர்கள் அந்தப் பணத்தை ஒரு யுபிஎஸ்ஸுக்கும், படங்களின் நகலை வைக்கத் தனியாக ஒரு வெளி வட்டுக்கும் ஒதுக்கலாம்.

திரை வீட்டுக்கு வந்த அன்றே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் திரை நிறைய விரித்து, செத்த புள்ளி ஏதும் இருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து தேடுங்கள். இருந்தால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள், பெட்டியும் ரசீதும் பத்திரமாக இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம்.