சிறு மோதலுக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் மறைந்திருக்கும் சேதத்தைக் கண்டறிவது எப்படி?

மெதுவாகச் சென்றுகொண்டிருந்தபோது முன்னால் நின்ற காரில் இடித்திருக்கலாம், அல்லது மணலில் சறுக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும், வண்டியைத் தூக்கி நிறுத்தியதும் நம் கண் முதலில் தேடுவது கீறல்களைத்தான். உடைந்த இண்டிகேட்டரும் உரசிய டேங்கும் மனத்தை உறுத்துமே தவிர, அவற்றால் யாரும் கீழே விழப்போவதில்லை. கீறல் என்பது விசை உள்ளே நுழைந்த இடம். அந்த விசை இரும்பின் வழியே எங்கே போய்த் தங்கியதோ அங்கேதான் கவலைப்பட வேண்டிய சேதம் இருக்கும். எனவே, விசை சென்ற பாதையிலேயே நாமும் சென்று பார்ப்பதுதான் இந்தச் சோதனையின் முறை. முன்பக்கம் இடித்திருந்தால் டயர், ரிம், ஆக்சில் (சக்கரத்தின் அச்சு), ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரு கால்கள்), ஸ்டியரிங் பேரிங், சேசிஸின் கழுத்து (ஹேண்டில் திரும்பும் அச்சைத் தாங்கும் முன்குழாய்) என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் விழுந்திருந்தால் ஹேண்டில்பார் முனை, லீவர்கள், ஃபுட்ரெஸ்ட், இன்ஜின் கவர் ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

விழுந்த இடத்திலேயே பார்க்க வேண்டியவை

வண்டியை நிமிர்த்தியவுடன் இக்னிஷனை அணைத்துவிட்டு, பெட்ரோல் வாடை வருகிறதா, தரையில் ஆயிலோ கூலண்டோ சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டால் அது தானாகச் சட்டென்று திரும்ப வேண்டும். கைப்பிடியின் முனை தரையில் மோதியிருந்தால் கிரிப் உள்ளே தள்ளப்பட்டு ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொள்வதுண்டு. ஸ்டார்ட் செய்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது ஆபத்து. இரண்டு பிரேக்குகளும் பிடிக்கின்றனவா, பிடித்து விட்டபின் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா, ஹேண்டில்பார் இரு பக்கமும் முழுமையாகத் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் வண்டியை ஓட்டிச் செல்ல வேண்டாம், ஏற்றிச் செல்லுங்கள்.

நவீன வண்டிகள் பலவற்றில், வண்டி சாய்ந்தால் இன்ஜினை நிறுத்திவிடும் சென்சார் ஒன்று உண்டு. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று பதறாமல், சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். வண்டி நெடுநேரம் சாய்ந்து கிடந்திருந்தால் சில நிமிடங்கள் நேராக நிறுத்திவைத்து, ஆயில் கீழே இறங்கிய பிறகு ஸ்டார்ட் செய்வது நல்லது. அப்போது சிறிது நேரம் புகை வந்தால், ஆயில் காற்று வடிகட்டிக்குள் போயிருக்கக்கூடும் என்பதால், பின்னர் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

கழுவுவதற்கு முன்

வண்டியை உடனே கழுவிவிடாதீர்கள். படிந்திருக்கும் தூசிதான் இங்கே சாட்சி. ஒரு பாகம் தன் இடத்திலிருந்து நகர்ந்திருந்தால், பழைய தூசிக் கோட்டின் ஓரத்தில் பளிச்சென்ற புது உலோகம் மெல்லிய பிறைபோலத் தெரியும். கழுவிவிட்டால் அது போய்விடும். காப்பீடு கோரும் எண்ணம் இருந்தால், எதையும் கழற்றுவதற்கு முன்பே எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேவையான கருவிகள் அதிகமில்லை: டார்ச், சுத்தமான துணி, இரும்பு அளவுகோல், நீளமான நூல், சோப்பு நீர், கொஞ்சம் சாக்பீஸ் தூள்.

சக்கரமும் டயரும்

முன்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை நிறுத்த வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் பின்னால் ஒருவர் அழுத்திப் பிடித்தாலே போதும். ஒரு பேனாவையோ குச்சியையோ ஃபோர்க்கில் கட்டி, அதன் முனை ரிம்மின் ஓரத்தை ஏறக்குறையத் தொடும்படி வைத்து, சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது. பக்கவாட்டு ஆட்டம், மேல்கீழ் ஆட்டம் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பல வண்டிகளின் சர்வீஸ் கையேடுகளில் இரண்டுக்கும் 2 மி.மீ. வரைதான் இடம் கொடுத்திருப்பார்கள். உங்கள் வண்டிக்கு உரிய அளவை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்போக் சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிக் கேளுங்கள். இறுக்கமான ஸ்போக் கணீரென ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். அலாய் வீலில், கைகள் ரிம்மோடும் நடுப்பகுதியோடும் சேரும் இடங்களில் டார்ச்சைச் சாய்வாக அடித்து மயிரிழை விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். விரிசல் விட்ட அலாய் வீலைப் பற்றவைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன், மாற்றிவிடுவதுதான் சரி. டயரின் பக்கச் சுவரில் எங்காவது புடைப்பு இருந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள், அந்த டயரையும் மாற்ற வேண்டும். ட்யூப்லெஸ் டயரில் ரிம்மின் விளிம்பு சிறிது நெளிந்திருந்தாலே காற்று மெதுவாகக் கசியும். விளிம்பைச் சுற்றிலும் சோப்பு நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். மாலையில் காற்றின் அழுத்தத்தைக் குறித்துவைத்து மறுநாள் காலையில் மீண்டும் அளந்தால் ஐயம் தீரும்.

ஃபோர்க்: முறுக்கமா, வளைவா?

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். வண்டி நேராகப் போகும்போது ஹேண்டில்பார் கோணலாக இருக்கிறது என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: ஹேண்டில்பாரே வளைந்திருக்கலாம், ஃபோர்க் பைப்கள், அவற்றை மேலும் கீழும் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்களுக்குள் முறுக்கிக்கொண்டிருக்கலாம், அல்லது ஃபோர்க் பைப் வளைந்திருக்கலாம். முதலாவது மலிவான சேதம். இரண்டாவதைப் பெரும்பாலும் செலவில்லாமல் சரிசெய்துவிடலாம். மூன்றாவதற்குப் பாகத்தையே மாற்ற வேண்டியிருக்கும். எது என்று தெரியாமல், முன்சக்கரத்தைக் கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைப் பலமாக இழுத்து நேராக்குவது பரவலான பழக்கம். வெறும் முறுக்கமாக இருந்தால் அது நேராகிவிடும். வளைவாக இருந்தாலோ கோணல் கண்ணுக்கு மறைந்து, சேதம் மட்டும் உள்ளே தங்கிவிடும்.

முதலில் வண்டியின் பக்கவாட்டில் சற்றுத் தள்ளிக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஃபோர்க் கால்களையும் பாருங்கள். அருகிலுள்ள கால் தொலைவிலுள்ள காலை மேலிருந்து கீழ்வரை சீராக மறைக்க வேண்டும். மேலே ஒன்றாகத் தெரிந்து கீழே பிரிந்தால் முறுக்கமோ வளைவோ இருக்கிறது. அடுத்து, பைப்பின் மேல் ரப்பர் உறை இருந்தால் அதை விலக்கிவிட்டு, இரும்பு அளவுகோலின் விளிம்பைப் பைப்பின் நீளவாக்கில் ஒட்டிவைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். இடையில் வெளிச்சம் கசிந்தால் பைப் வளைந்திருக்கிறது. நேர் மோதலில் வளைவு பெரும்பாலும் கீழ்க் கிளாம்ப்புக்குச் சற்றுக் கீழேதான் விழும், சக்கரம் இன்ஜின் பக்கமாகப் பின்தள்ளப்பட்டிருக்கும். தலைகீழ் ஃபோர்க் (தடித்த குழாய் மேலேயும் மெல்லிய பைப் கீழேயும் இருப்பது) உள்ள வண்டிகளில் அந்த இடத்தில் இருப்பது தடித்த வெளிக்குழாய் என்பதால், அதன் கிளாம்ப் ஓரத்தையும் கீழே உள்ள பளபளப்பான பைப்பையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைப் பலமுறை அழுத்துங்கள். ஃபோர்க் வழுக்கிக்கொண்டு இறங்கி வழுக்கிக்கொண்டே ஏற வேண்டும். நடுவில் எங்காவது தயங்கினால் வளைவை ஐயப்படுங்கள். அழுத்தியபின் பைப்பில் ஆயில் வளையம் படிந்தால், ஆயிலை உள்ளேயே தடுத்து நிறுத்தும் சீல் போய்விட்டது. அந்த ஆயில் வழிந்து டிஸ்க்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

முறுக்கம் மட்டும்தான் என்று உறுதியானால், முன் ஆக்சில், மட்கார்டு, கீழ்க் கிளாம்ப் ஆகியவற்றின் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களால் பிடித்து ஹேண்டிலை நேராக்கி, ஃபோர்க்கைச் சிலமுறை அழுத்தி விட்டு, கையேடு சொல்லும் டார்க் (முறுக்கு விசை) அளவில் இறுக்கலாம். மேல், கீழ் கிளாம்ப்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் முழுமையாகத் தளர்த்திவிடாதீர்கள். பைப்கள் கிளாம்ப்களுக்குள் வழுக்கி வண்டியின் முன்பக்கம் அப்படியே இறங்கிவிடும். அந்த அளவைக் காட்டும் டார்க் ரென்ச் கையில் இல்லாதவர்கள் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

ஸ்டியரிங் கழுத்தும் சேசிஸும்

முன்சக்கரம் தூக்கிய நிலையிலேயே, ஹேண்டிலை விரல் நுனிகளால் மட்டும் பிடித்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மிக மெதுவாகத் திருப்புங்கள். நடுவில், அதாவது சக்கரம் நேராக இருக்கும் நிலையில், பள்ளத்தில் விழுந்ததுபோல ஒரு சிறு தடை உணரப்பட்டால், மோதலின்போது பேரிங் குண்டுகள் கிண்ணத்தில் அழுந்தித் தடம் பதித்துவிட்டன. கோன் செட்டை, அதாவது இந்த ஸ்டியரிங் பேரிங் தொகுதியை, இறுக்கியோ தளர்த்தியோ இதைச் சரிசெய்ய முடியாது. முழு செட்டையும் மாற்ற வேண்டும். அடுத்து, ஃபோர்க்கின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். டொக் டொக் என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங்கில் இடைவெளி விழுந்திருக்கிறது.

ஹேண்டில் ஒரு பக்கமாகப் பலத்துடன் மோதித் திரும்பியிருந்தால், கழுத்தின் அடியில் உள்ள ஸ்டியரிங் தடுப்பு நசுங்கியிருக்கலாம். இடம், வலம் இரண்டையும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். இன்ஜின் ஓடும்போது ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் தராதபோது இன்ஜின் ஓடும் வேகம்) உயர்ந்தால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது, விளக்கு மின்னினால் வயர்கள் நசுங்கியிருக்கின்றன.

இப்போது சேசிஸ். கழுத்துக் குழாயோடு மற்ற குழாய்கள் சேரும் பற்றவைப்புகளை நன்றாகத் துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். உலோகம் மடங்கும் இடத்தில் பெயிண்ட் முதலில் சுருங்கும், பிறகு சிறு செதில்களாகக் கழன்று வரும். பெயிண்டில் மட்டும் விரிசலா, அடியிலுள்ள உலோகத்திலுமா என்று தெரியாதபோது ஒரு பழைய முறை உதவும்: மண்ணெண்ணெய் அல்லது மெல்லிய ஆயிலைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, முழுவதும் துடைத்தெடுத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த ஆயில் மெல்ல வெளியேறித் தூளில் ஒரு கரிய கோட்டை வரையும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டால் வண்டியை நகர்த்தாமல், சேசிஸ் அளவிடும் வசதியுள்ள இடத்துக்கு ஏற்றி அனுப்புங்கள்.

சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்பதை நூலால் அறியலாம். பின்டயரின் பின்புறத்தைச் சுற்றி நூலைப் போட்டு, தரையிலிருந்து ஓரளவு உயரத்தில் இரு முனைகளையும் முன்சக்கரத்தைத் தாண்டி இழுங்கள். இரு பக்கமும் நூல் பின்டயரின் முன்விளிம்பை உரசியும் உரசாமலும் செல்ல வேண்டும். சாதாரணமாக முன்டயர் ஒடுக்கமானது என்பதால் இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கும், அது சமமாக இருக்க வேண்டும். சமமாக இல்லையென்றால் உடனே சேசிஸைக் குறை சொல்லாமல், பின்சக்கரத்தை நகர்த்திச் செயினை இறுக்கும் செயின் அட்ஜஸ்டரின் குறிகள் இரு பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பல நேரங்களில் குற்றவாளி அதுதான்.

பிரேக், லீவர், இன்ஜின் ஓரங்கள்

முன் பிரேக் லீவரை இறுக்கி அரை நிமிடம் பிடித்திருங்கள். அது மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி அமிழ்ந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ஹோஸ், இணைப்புகள், கேலிப்பர் எல்லாவற்றையும் துணியால் துடைத்துப் பாருங்கள். வளைந்த அலுமினிய லீவரை நிமிர்த்த முயல வேண்டாம், அது பின்னொரு நாள் அவசரமாகப் பிடிக்கும்போது ஒடியும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் சக்கரத்தின் சென்சாரும் பல்வளையமும் நசுங்காமல் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

பக்கவாட்டில் விழுந்த வண்டியில் கியர் லீவரும் பிரேக் பெடலும் உள்ளே மடங்கி இன்ஜின் கவரைத் தொடும். கியர் லீவரை நிமிர்த்தினால் மட்டும் போதாது. கியர் ஷாஃப்ட் வெளிவரும் இடத்தில் ஆயில் கசிகிறதா, கியர்கள் எல்லாம் விழுகின்றனவா என்றும் பாருங்கள். பெடல் மடங்கினால் பின் பிரேக் சதா உரசிக்கொண்டே இருக்கலாம். ரேடியேட்டர் இருந்தால், தகடுகள் மடங்கியிருப்பது பெரிதல்ல. கசிவும், விசிறி சுழலாமல் சிக்குவதும்தான் பெரிது.

ஓட்டிப் பார்த்தல்

மேற்சொன்னவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும், ஆளில்லாத நேரான சாலையில் நடை வேகத்தில் தொடங்குங்கள். இரண்டு பிரேக்குகளையும் தனித்தனியாகப் பிடியுங்கள். லீவர் விரல்களில் துடித்தால் டிஸ்க் நெளிந்திருக்கிறது. பிறகு மணிக்கு 40 கி.மீ. வரை சென்று, கைகளை எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்துங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ ஹேண்டில் நடுங்கினாலோ மேலும் வேகம் கூட்டாமல் திரும்பிவிடுங்கள். ஏபிஎஸ் விளக்கு புறப்பட்ட சிறிது நேரத்தில் அணைந்துவிட வேண்டும்.

நிறுத்தியபின் ஃபோர்க் பைப், இன்ஜின் அடிப்பகுதி, பிரேக் இணைப்புகள் ஆகியவற்றில் புதிய ஈரம் உண்டா என்று மீண்டும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஸ்டியரிங் பேரிங், ஸ்போக் இறுக்கம், தளர்த்தி இறுக்கிய போல்ட்டுகள் ஆகிய மூன்றையும் திரும்பவும் சோதிக்க வேண்டும். முதல் நாள் கைக்குத் தட்டுப்படாத பேரிங் தடை அதற்குள் வெளிப்பட்டிருக்கலாம்.