முதல் ஹர்டில் முன் நின்றுவிடும் பெண்: என் அனுபவம்

நான் பயிற்சி தரும் 15 வயதுப் பெண், ஒருமுறை ஹர்டிலில் (தடை தாண்டும் ஓட்டத்தில்) விழுந்தபின் முதல் தடைக்கு முன்பே நின்றுவிடுவாள். தைரியம் சொன்னேன். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைவரை உள்ள 13 மீட்டரை எட்டுக் காலடிகளில் திரும்பத் திரும்ப ஓடவைத்தேன். ஒரு வாரம் வீண்.

அப்புறம் அவளே சொன்னாள்: “அக்கா, இது இடிச்சா சாயவே மாட்டேங்குது.”

குனிந்து பார்த்தேன். பையன்கள் பயிற்சி முடிந்ததும் தடையின் மேல் குறுக்குச் சட்டத்தை மட்டும் 76.2 செ.மீ.க்கு இறக்கியிருக்கிறோம், அடிக்காலில் உள்ள எடைகளை நகர்த்தவில்லை. எடை, சட்டத்தைத் தாங்கும் தூணைவிட்டுத் தள்ளி இருந்தால் தடை லேசில் கவிழாது. சட்டத்தின் நடுவில் சுமார் 4 கிலோ விசை பட்டாலே சாய வேண்டும். அவள் பயத்தில் நியாயம் இருந்தது.

எடைகளைத் தூண் பக்கம் தள்ளினேன். முதலில் கையால், பிறகு நடந்துபோய் முழங்காலால், வேண்டுமென்றே இருபது முறை சாய்க்கச் சொன்னேன். மூன்றாம் நாள் நிற்காமல் தாண்டினாள்.