"உங்களுக்குக் கோபம்" என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள்

பள்ளிகளில் கவுன்சிலிங் கொடுக்கப் புதிதாக வந்திருப்பவர்களுக்குப் போன வாரம் பயிற்சி நடந்தது. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் பேச, மற்றவர் கேட்க வேண்டும். 11 வருடத்துக்கு முன் நான் செய்த பிழைகள் அப்படியே கண்முன் நடந்தன. குறுக்கே பேசுவது, செல்போனைப் பார்ப்பது, "இதுக்கெல்லாம் அழலாமா" என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த தப்புகள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடுத்தவர் உணர்ச்சிக்கு நாமே பெயர் வைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலைக் கிளப்புவது இதுதான். உணர்ச்சிக்குப் பெயர் சொன்னால் அதன் வேகம் கொஞ்சம் தணியும் என்று சொல்லித் தருகிறோம். சரி, ஆனால் பெயரைச் சொல்ல வேண்டியவர் அதை அனுபவிக்கிறவர். புதியவர்களோ எதிரில் இருப்பவர் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் "உங்களுக்குக் கோபமா இருக்கு, புரியுது" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள்.

நானும் குத்தியிருக்கிறேன். பிளஸ் டூவில் மகனுக்கு இரண்டு பாடம் போய்விட்டது என்று ஒரு அப்பா வந்திருந்தார். ஒரு கையால் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார், குரல் வராந்தா வரை கேட்டது. "சார், உங்க கோபம் எனக்குப் புரியுது, ஆனா பையன்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். "கோபமா? யாருக்குக் கோபம்?" என்று எழுந்தவர், மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளும் கடந்துபோய், பையன் ஒரு வருடம் பட்டறை வேலைக்குப் போனான்.

பல மாதம் கழித்து அவன் அம்மா வந்து சொன்னார். டியூஷன் பீஸுக்குக் கடன் கொடுத்த மச்சான் அன்று காலை, "பணத்தை ஆத்துல போட்டுட்டீங்களே மாமா" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். அந்த மனிதருக்கு இருந்தது அவமானம். பேசும்போது அவருடைய இன்னொரு கை சட்டைப் பாக்கெட்டில் மடித்து வைத்திருந்த மார்க் நகலைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டே இருந்தது. அது என் கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் உடம்பில் வெளிப்படுவதைப் பேசும் பகுதியான மெய்ப்பாட்டியல், அழுகை ஒன்றுக்கே நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்தாலும், இழந்தாலும், இருந்த நிலையிலிருந்து தாழ்ந்தாலும், இல்லாமையிலும் அழுகை வரும். கண்ணீருக்கே இப்படியென்றால் கத்துகிறவரை மட்டும் பார்த்தவுடன் எப்படிச் சொல்லிவிட முடியும்? "பாக்கெட்டுல என்ன சார் வச்சிருக்கீங்க?" என்று நான் கேட்டிருந்தால் போதும். பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் "கோபமா, இல்ல வேற ஏதாவதா?" என்று கேள்வியாக வையுங்கள், அவர் திருத்த இடம் இருக்கட்டும்.

உடம்பு சொல்வதை ஒதுக்குவது

நம் ஆட்கள் பலர் "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்வதில்லை. "வயித்தைக் கலக்குது", "ஒரு மாதிரி இருக்கு" என்பார்கள். பரீட்சை நாளில் மட்டும் வயிற்றுவலி வரும் பிள்ளையை நடிக்கிறான் என்கிறோம். அந்த வலி நிஜம். பயம் வந்தால் குடலின் ஓட்டமே மாறும். எப்போது ஆரம்பித்தது, அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேளுங்கள்.

அழுதவுடன் தண்ணீரை நீட்டுவது

"நிறுத்து" என்றுதான் அவர்களுக்குக் கேட்கும். பொறுங்கள்.

குற்றச்சாட்டை உணர்ச்சி என்று நினைப்பது

"நீ என்னை மதிக்கலைன்னு ஃபீல் பண்றேன்" என்பது குற்றச்சாட்டு. "நேத்து நீ போன் எடுக்கல, பயந்துட்டேன்" என்பது உணர்ச்சி.

"சாகலாம் போல இருக்கு" என்பதைக் காதில் வாங்காதது

நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியாகச் சுமக்கவும் வேண்டாம்: அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.

நம் மனதைப் பார்க்காமல் அறைக்குள் போவது

அந்த அப்பா சத்தம் போட்டபோது எனக்குப் பயமாக இருந்தது. அவசரமாகக் கோபம் என்று சொன்னதே அந்தப் பயத்தில்தான், இதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. இப்போதெல்லாம் கதவைத் திறக்கும் முன் என் தோள்பட்டையைக் கவனிக்கிறேன். அது இறுகிப்போய்க் காது வரை ஏறியிருந்தால், இரண்டு நிமிடம் வராந்தாவிலேயே நின்றுவிட்டு அப்புறம்தான் உள்ளே போகிறேன்.