ஆங்கில வினைச்சொல்: 'டிட்' வந்தபின் 'வென்ட்' எதற்கு?

ஆங்கில வினைச்சொல் என்றாலே கோ, வென்ட், கான் என்று பட்டியலை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறோம். அது தேவைதான். ஒழுங்கற்ற வினைகள் 200 அளவில் இருக்கின்றன, படித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் பட்டியலைத் தடையில்லாமல் ஒப்பிப்பவரும் 'ஐ டிட் நாட் வென்ட்' என்கிறார். அவருக்கு வடிவம் தெரியும், அதை வைக்கும் இடம்தான் பிடிபடவில்லை.

ஒரு வினைத்தொடரில் ஆங்கிலம் காலத்தை ஒரே இடத்தில்தான் காட்டும். துணைவினை இருந்தால் முதலில் நிற்கும் துணைவினையே அந்த இடம். 'டிட்' இறந்தகாலத்தைக் காட்டிவிட்டது. பின்னால் வெறும் 'கோ' போதும். கேள்வியிலும் அப்படியே: 'டிட் யூ சீ ஹிம்?' என்றுதான் கேட்க வேண்டும், 'சா' வராது. 'ஷி டஸ் நாட் நோஸ்' என்பதும் இதே பிழைதான். 'நோஸ்' என்பதன் கடைசி 'ஸ்' ஏற்கெனவே 'டஸ்'ஸுக்குப் போய்விட்டது. 'கேன்', 'மஸ்ட்', 'ஷுட்' ஆகியவற்றுக்குப் பின்னும் வினை மாறாது, நடுவில் 'டு'வும் நுழையாது: 'ஹி கேன் ஸ்விம்'. எதையாவது முதலில் சரிசெய்வதென்றால் இதைச் செய்யுங்கள். ஏராளமான பிழைகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

அடுத்த சிக்கல் தமிழ்ப் பழக்கத்தால் வருவது. 'மூன்று வருஷமாக இங்கே இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியதால், 'ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று வந்துவிடுகிறது. முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ஆங்கிலத்தில் 'ஹேவ்' வேண்டும்: 'ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர்'. எவ்வளவு காலம் என்பதற்கு 'ஃபார்', எப்போதிருந்து என்பதற்கு 'சின்ஸ்': 'சின்ஸ் 2020'. அதேசமயம், முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டால் 'ஹேவ்' கூடாது. 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' பிழை. 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' சரி. 'யெஸ்டர்டே'யை எடுத்துவிட்டால் 'ஐ ஹேவ் சீன் ஹிம்' தாராளமாக வரலாம்.

'ஐ ஆம் அக்ரீ' என்பதில் 'ஆம்' தேவையில்லை. 'அக்ரீ' தானே வினை.

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் எ கார்' ஆகியவையும் காதில் அடிக்கடி விழுகின்றன. அறிவதும் உடைமையாக வைத்திருப்பதும் செயல்கள் அல்ல, நிலைகள். அதனால் அவை 'இங்' ஏற்பதில்லை. 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' மட்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்டால், அங்கே 'ஹேவ்' என்பது சாப்பிடும் செயலைக் குறிக்கிறது.