வாய் திறக்காத நோயாளிக்கு ரோபோ அறுவை சிகிச்சை: முதலில் ஸ்கேலை எடுங்கள்

வாய், தொண்டைக் கட்டிகளை எடுக்கும் ரோபோ கருவியின் தண்டு சுமார் 5 முதல் 8 மி.மீ. தடிமன்தான். ஆனால் வாய்க்குள் அது தனியாகப் போவதில்லை. இரண்டு கருவிகள், ஒரு கேமரா, நாக்கை ஒதுக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர், உதவியாளரின் உறிஞ்சுகுழாய் எல்லாம் ஒரே வாசலில் நுழைய வேண்டும். கன்னத்திலோ நாக்கின் முன்பகுதியிலோ உள்ள கட்டிக்குக் கையே போதும். நாக்கின் அடிப்பகுதி, டான்சில், கடைவாய்ப் பல்லுக்குப் பின்புறம் என்றால்தான் ரோபோவைப் பற்றிப் பேச்சு.

முழுதாக வாயைத் திறக்கச் சொல்லி, மேல், கீழ் முன்பற்களின் விளிம்புகளுக்கு இடையே அளக்கவும். மூன்று முறை அளந்து பெரிய அளவைக் குறிக்கவும். 35 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் வாய் இறுக்கம் இருக்கிறது. பல் இல்லாதவருக்கு ஈறிலிருந்து ஈறுக்கு அளப்பதால், அந்த எண்ணை இதோடு ஒப்பிடக் கூடாது.

எண்ணை விட முக்கியம், வாய் ஏன் திறக்கவில்லை என்பது. வலியால் தசை இறுகியிருந்தால், தசை தளர்த்தும் மருந்தில் பெரும்பாலும் திறந்துகொள்ளும். பாக்கு மெல்லுவதால் வந்த நார்த்திசு, கதிர்வீச்சுத் தழும்பு என்றால் மயக்கத்திலும் அசையாது. தாடையின் உட்புற மெல்லும் தசைக்குள் கட்டியே பரவியிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். பரவியிருந்தால் இடுக்கு வழியாக முழுதாக எடுப்பது கடினம். ரோபோவை விட்டுவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

மயக்கம் கொடுத்தால் திறந்துவிடும் என்று நம்பி இறங்க வேண்டாம். விழித்த நிலையிலேயே, வளையும் எண்டோஸ்கோப் உதவியோடு மூக்கு வழியாகச் சுவாசக்குழாயைச் செலுத்துவது பாதுகாப்பு. குழாய் உறுதியாகும் முன் தசை தளர்த்தும் மருந்து கூடாது. கழுத்தில் துளையிடும் கருவிகளும் பக்கத்தில் இருக்கட்டும்.

பிறகு ரோபோவை இணைக்காமல், ரிட்ராக்டரையும் கேமராவையும் மட்டும் வைத்துப் பார்க்கவும். கட்டியின் எல்லை முழுவதும் தெரிகிறதா? இல்லையென்றால் நார்ப்பட்டைகளை வெட்டிவிடலாம். கீழ்த்தாடையின் பின்பகுதியில் மேல்நோக்கி நீளும் இரண்டு முனைகளில் முன்னால் இருக்கும் எலும்பு முனையை (கொரோனாய்டு) நீக்கலாம். அப்படியும் தெரியாவிட்டால் உதட்டையும் தாடையையும் பிளந்து திறக்கும் வழிதான். அதற்கான ஒப்புதலை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும்.

கேமரா நடுவில், கருவிகள் இரு ஓரத்தில். சின்ன வாயில் இவை அடிக்கடி முட்டிக்கொள்ளும். வாய்க்கு வெளியே ரோபோவின் கைகளும் மோதும். பெரும்பாலான ரோபோக்களில் தொடுவுணர்ச்சி இல்லாததால், உதட்டோரம் நசுங்குவதும் பல் உடைவதும் அறுவை மருத்துவருக்குத் தெரியாது. தலைமாட்டில் இருக்கும் உதவியாளர் அதை மட்டும் கவனிக்க வேண்டும். பல் கவசம் மெல்லியதாக இருக்கட்டும். தடித்த கவசம் இருக்கிற இடத்தையும் விழுங்கிவிடும். ரிட்ராக்டரை அவ்வப்போது தளர்த்தாவிட்டால் நாக்கு வீங்கும்.

பெரிய பயம் ரத்தக்கசிவு. குறுகிய வாய்க்குள் விரல் விட்டு அழுத்த முடியாது. கழுத்து நிணநீர்க் கணுக்களை முதலில் எடுப்பதாக இருந்தால், அப்போதே உரிய ரத்தக்குழாய்களைக் கட்டிவிடலாம்.

காயம் ஆறி, மருத்துவர் அனுமதித்ததும் வாய் திறக்கும் பயிற்சி தொடங்க வேண்டும். நாக்கை அழுத்தும் மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையே வைத்து 30 வினாடி. ஒரு வேளைக்கு ஐந்து முறை, நாளுக்கு ஐந்து வேளை. சுலபமானால் ஒரு குச்சி கூட்டலாம். குச்சி எண்ணிக்கையை எழுதிவைக்கவும். பல் ஆடினாலோ கூர்மையான வலி வந்தாலோ நிறுத்தி மருத்துவரிடம் காட்டவும். கதிர்வீச்சு நடக்கும்போதும், முடிந்த பின்னும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். தழும்பு மெதுவாகத்தான் இறுகும்.